கண்மாய் மீன்பிடிப்பு

கண்மாய் மீன்பிடிப்பு என்பது தென் தமிழகத்தின் பாசனக் கண்மாய்களில், கையில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு மீன் பிடிக்கும் நாட்டு முறைகளைக் குறிக்கும். வடதமிழகத்தில் ஏரி என்றும் திருநெல்வேலிப் பகுதியில் குளம் என்றும் வழங்கப்படும் நீர்நிலையே மதுரை, சிவகங்கை, விருதுநகர், இராமநாதபுரம் மாவட்டங்களில் கண்மாய் எனப்படுகிறது. இக்கட்டுரை விருதுநகர் மாவட்டத்தின் நரிக்குடி, திருச்சுழி வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இம்முறைகளை விளக்குகிறது. கரையில் நிற்பவருக்கு எட்டாத இடத்தில் உள்ள மீனை எவ்வாறு எட்டுவது என்பதே இவை அனைத்திற்கும் பொதுவான சிக்கலாகும்.

நீர்நிலையின் அமைப்பு

நரிக்குடி வட்டாரம் மழை குறைந்த வறண்ட நிலப்பகுதி. கண்மாய்கள் பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையால் நிறைகின்றன. குண்டாறும் கிருதுமால் நதியும் இப்பகுதிக் கண்மாய்களுக்கு நீர் கொண்டுவருபவை. ஆண்டின் பிற மாதங்களில் இவ்விரண்டும் பெரும்பாலும் மணலாகவே கிடக்கும்.

கடலில் கரையை விட்டு விலக விலக ஆழம் கூடும். கண்மாயில் இது தலைகீழானது. சரிந்து செல்லும் நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் மண்ணைக் குவித்துக் கரை எழுப்பப்படுவதால், ஆழமான நீர் கரையின் அடியிலும் மடையை ஒட்டியும் நிற்கிறது. எதிர்ப்பக்கமான உள்வாய்ப் பகுதி ஆழம் குறைந்தும் பரந்தும் இருக்கும். அங்கே கருவேல மரங்களும் சீமைக்கருவேலமும் நீருக்குள்ளேயே நிற்பதைப் பல கண்மாய்களில் காணலாம்.

எனவே கரையில் அமர்ந்து தூண்டில் போடுபவருக்கு ஆழம் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் அவர் விரும்பும் மீன் எப்போதும் அங்கே இருப்பதில்லை. நீர் நிறைந்திருக்கும் மாதங்களில் விரால், குரவை போன்றவை இரை தேடியும் முட்டையிடவும் செடிகளும் முட்களும் அடர்ந்த ஆழமற்ற பகுதிக்குச் சென்றுவிடுகின்றன. நீர் வற்றும் காலத்தில் மீன்கள் அனைத்தும் மடைக்குழிக்குத் திரும்புகின்றன. கருவிகள் பருவத்திற்குப் பருவம் மாறுவதற்கு இதுவே காரணம்.

தூண்டில்

தூண்டிலின் கம்பு பெரும்பாலும் மூங்கில். கம்பின் நீளமே எட்டும் தொலைவு என்பதால் நீண்ட கம்பு நல்லது எனத் தோன்றும். ஆனால் நீளம் கூடக்கூட நுனியில் தொங்கும் மீனின் எடை கைக்குப் பன்மடங்காகத் தெரியும். இது நெம்புகோலின் இயல்பு. எட்டு அல்லது பத்து அடிக்கு மேற்பட்ட கம்பைச் சிறுவர்கள் விரும்பாததற்கு வேறு விளக்கம் தேவையில்லை. கம்பின் நுனியில் நைலான் நரம்பு கட்டப்படுகிறது. முள் எனப்படும் கொக்கி கடையில் வாங்கப்படும் பொருள். அதுவும் கிடைக்காதபோது ஊக்கை வளைத்துப் பயன்படுத்துவதுண்டு. ஆனால் வளைத்த ஊக்கில் பின்னோக்கிய செதில் இல்லாததால், நரம்பு சற்றுத் தளர்ந்தாலும் மீன் கழன்றுவிடும்.

தக்கையில்தான் வட்டாரத்தின் கைத்திறன் தெரிகிறது. மயிலிறகின் தண்டு மிகச் சிறந்த தக்கையாகக் கருதப்படுகிறது. அதன் உட்பகுதி நுரை போன்று காற்று நிறைந்தது. புறத்தோல் நீரை உறிஞ்சாதது. இப்பகுதிக் காடுகளில் மயில்கள் நிறைய இருப்பதால் உதிர்ந்த இறகுக்குப் பஞ்சமில்லை. சோளத்தட்டையின் நெட்டி, பழைய ரப்பர் செருப்பிலிருந்து வெட்டிய துண்டு, தெர்மாகோல் ஆகியனவும் பயன்படுகின்றன. நெட்டி விரைவில் நீர் குடித்துவிடும். தக்கை மெலிதாக இருந்தால் மீனின் சிறு கடியும் தெரியும். தடித்த தக்கையை அமிழ்த்த மீன் கூடுதல் விசையுடன் இழுக்க வேண்டியிருப்பதால், அது ஐயுற்று இரையை விட்டுவிடக்கூடும். ஆகவே தக்கையின் பெரும்பகுதி நீருக்குள் மூழ்கி நுனி மட்டும் தெரியும்படி ஈயத்துண்டையோ சிறு இரும்பு நட்டையோ நரம்பில் சேர்த்துச் சமன் செய்கின்றனர்.

இரை மீனைப் பொறுத்தது. கெண்டைக்கும் சிலேபிக்கும் மண்புழுவோ பிசைந்த மாவோ போதும். கெளுத்திக்குக் கோழிக்குடல் போன்ற வாடையுள்ள இரை வேண்டும். விராலுக்குத் தவளை.

தொலைவை எட்டும் வழிகள்

கம்பு எட்டாத இடத்திற்குக் கம்பில்லாத் தூண்டில் பயன்படுகிறது. நரம்பை ஒரு ஞெகிழிக் குப்பியின் மீது சுற்றி, முனையில் எடை கட்டி, தலைக்கு மேல் சுழற்றி எறிவர். எறியும்போது குப்பியின் வாய்ப்பக்கம் நீரை நோக்கி இருக்க வேண்டும். அப்போது குப்பி சுழலாமலேயே நரம்பு வளையம் வளையமாக அதன் தோளிலிருந்து நழுவிச் செல்லும். விலையுயர்ந்த தூண்டில் உருளைகளில் ஒரு வகை இதே தத்துவத்தில் இயங்குகிறது. குப்பியைக் குறுக்காகப் பிடித்தால் நரம்பு தடைபட்டு எடை பாதியிலேயே விழும்.

எறியவும் எட்டாத இடத்திற்குக் காற்றை நம்புகின்றனர். மூடிய வெற்றுக் குப்பியின் கழுத்தில் இரண்டு மூன்று அடி நரம்பும் முள்ளும் கட்டி, காற்று வீசும் பக்கக் கரையிலிருந்து நீரில் விட்டால், அது மெல்ல நடுக்கண்மாய்க்கு நகர்ந்து செல்லும். மீன் மாட்டிக்கொண்டால் குப்பி துள்ளுவதோ காற்றுக்கு எதிராக நகர்வதோ தொலைவிலிருந்தே தெரியும். இதில் ஒரு குறை உண்டு. குப்பி கருவேல மரங்களுக்குள் சிக்கிவிட்டால் அது குப்பையாகவும், அதிலுள்ள முள் நீர்ப்பறவைகளுக்கும் கால்நடைகளுக்கும் ஆபத்தாகவும் நின்றுவிடுகிறது. குப்பியில் நீண்ட கயிறு ஒன்றைக் கட்டிக் கரையில் பிடித்துக்கொள்வது நல்லது.

இவற்றுக்கு அடுத்த நிலை, மனிதனே மிதந்து செல்வது. லாரிச் சக்கரத்தின் காற்றடைத்த டியூபின் குறுக்கே பலகையோ கயிற்றுப் பின்னலோ கட்டி, அதில் அமர்ந்து கைகளால் துழாவிச் சென்று வலை விரிப்பது பல கண்மாய்களிலும் அணைகளிலும் காணப்படும் முறையாகும். ஆர்க்கிமிடீசு தத்துவப்படி, 100 லிட்டர் நீரை விலக்கும் டியூப் ஏறத்தாழ 100 கிலோகிராம் எடையைத் தாங்கும். ஆளும் வலையும் மீனும் சேர்ந்து இதை நெருங்கும்போது சிறு காற்றிழப்பும் ஆபத்தாகும். கருவேல முள் நிறைந்த கண்மாயில் டியூப் துளைபடுவது அரிய நிகழ்வன்று. மேலும் வண்டல் அள்ளிய பள்ளங்கள் நீருக்கு மேலிருந்து தெரியாததால், இடுப்பளவு என்று கருதி இறங்கியவர் திடீரென ஆழத்தில் விழக்கூடும். உடன் ஒருவர் கரையில் இல்லாமல் டியூபில் செல்வது தவிர்க்கப்பட வேண்டும்.

ஊத்தாவும் மீன்பிடித் திருவிழாவும்

கோடையில் கண்மாய் வற்றும்போது எட்டுதல் என்ற சிக்கல் தானே தீர்ந்துவிடுகிறது. முழங்காலளவு நீரில் பயன்படும் கருவி ஊத்தா. இது மூங்கில் சிம்புகளால் பின்னப்பட்ட, இருபுறமும் திறந்த கூம்புக் கூடை. அகன்ற வாயைக் கீழ்நோக்கிச் சேற்றில் குத்தும்போது உள்ளே அகப்பட்ட மீன் கூடையின் சுவரில் மோதும். அந்த அதிர்வு கையில் தெரிந்தவுடன் மேலுள்ள சிறு வாய் வழியே கையை விட்டு மீனை எடுப்பர். கலங்கிய நீரில் கண்ணுக்கு வேலையில்லை, எல்லாம் கைப்பழக்கமே.

மேலூர், சிங்கம்புணரி, பொன்னமராவதி வட்டாரங்களில் இது ஊர்த் திருவிழாவாகவே நடைபெறுகிறது. அறுவடை முடிந்து நீர் குறைந்தபின் ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும், கரையில் காத்திருக்கும் மக்கள் ஊத்தா, கச்சா, வலை, சேலை எனக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஒரே நேரத்தில் இறங்குவர். பிடித்த மீனை விற்காமல் வீட்டில் சமைத்து உண்பது மரபு.

உரிமையும் பாதுகாப்பும்

பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் பாசனப் பரப்புள்ள கண்மாய்கள் மாநில அரசின் நீர்வளத்துறையிடமும், சிறியவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் உள்ளன. மீன் பிடிக்கும் உரிமை ஏலத்தில் குத்தகைக்கு விடப்படும்போது, குத்தகைதாரர் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை வாங்கி விடுகிறார். அதன்பின் தூண்டில் போடும் சிறுவனும் அவர் பார்வையில் திருடனாகிவிடுகிறான். விரைவில் மீனை அள்ளுவதற்காக மடையைத் திறந்து நீரை வெளியேற்றுவதாகக் குத்தகைதாரர் மீது உழவர்கள் குறைகூறுவதும் பல ஊர்களில் கேட்கப்படுவது. வறண்ட வட்டாரத்தில் அந்நீர் ஒரு போகத்தின் கடைசி நனைப்பாக இருக்கக்கூடும்.

வெடியும் நஞ்சும் கொண்டு மீன் பிடிப்பதை 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் தடை செய்துள்ளது. கள்ளிப்பாலைக் கலக்குவதும் நஞ்சிடுதலே ஆகும். மின்கம்பியை நீரில் விடுவது மீனோடு மனிதரையும் கொல்லும்.

சட்டம் குறிப்பிடாத ஒன்றும் உண்டு. செந்நிறக் குஞ்சுகள் நீர்ப்பரப்பில் கூட்டமாகத் திரியும் இடத்தில் அவற்றின் கீழே தாய் தந்தை விரால்கள் காவல் இருக்கும். அங்கே தவளையைப் போட்டால் விரால் இரைக்காகவன்றிக் குஞ்சுகளைக் காக்கவே பாய்ந்து கவ்வும். எளிதில் கிடைக்கும் இம்மீனைப் பிடித்துவிட்டால் குஞ்சுக்கூட்டம் பிற மீன்களுக்கு இரையாகிவிடும். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட சிலேபி இன்று கண்மாய்களில் பெருகிக் கிடக்கிறது. அதைப் பிடிப்பதில் இத்தகைய தயக்கம் தேவையில்லை.

கடலோரத்தில்

நரிக்குடிக்குக் கிழக்கே இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் இதே சிக்கல் பெரிய அளவில் எழுகிறது. படகு வாங்க இயலாத மீனவர்கள் தெர்மாகோல் பலகைகளை அடுக்கிக் கட்டிய மிதவையில் தனியாளாகச் சென்று கரையோரக் கடலில் மீனும் நண்டும் பிடிக்கின்றனர். கண்மாய் டியூபின் உறவினர் என இதைக் கூறலாம். இரண்டிற்கும் முன்னோடி கட்டுமரம். இலேசான கட்டைகளைக் கயிற்றால் பிணைத்த இதில் ஏறும் அலைநீர் இடுக்குகள் வழியே வடிந்துவிடும் என்பதால், வள்ளத்தைப் போல நீர் நிறைந்து மூழ்குவதில்லை. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் பெருகி, மரத்தாலான கட்டுமரங்கள் குறைந்துவிட்டன.

இலங்கையின் தென்கரையில் கொக்கலை, வெலிகம பகுதிகளில் மீனவர்கள் ஆழமற்ற கடலில் ஊன்றிய கம்பத்தின் குறுக்குக் கட்டையில் அமர்ந்து தூண்டில் போடும் முறை புகழ்பெற்றது. இது இரண்டாம் உலகப் போர்க் காலத்தையொட்டித் தோன்றியதாகக் கூறப்படுகிறது. இன்று அக்கம்பங்களில் அமர்ந்திருப்போரில் பலர் மீனுக்காகவன்றிச் சுற்றுலாப் பயணிகளின் நிழற்படத்திற்காகவே அமர்கின்றனர். சாலமன் தீவுகளிலும் இந்தோனேசியாவிலும் இலையால் செய்த பட்டத்தைப் பறக்கவிட்டு, அதிலிருந்து தொங்கும் சிலந்தி நூல் கற்றையை நீர்ப்பரப்பில் துள்ளவிட்டு முரல் வகை மீன்களைப் பிடிக்கின்றனர். இதில் முள்ளே கிடையாது; முரலின் நுண்ணிய பற்கள் சிலந்தி நூலில் சிக்கிக்கொள்கின்றன.