மாரடைப்பு நோயாளியைக் கவனிக்கும் நர்ஸ்... அவர் இதயத்தை யார் கவனிப்பது?

சங்கடஹர சதுர்த்தி. பிள்ளையார்பட்டி கற்பக விநாயகர் கோயிலில் கூட்டம். வரிசையில் நிற்கும் ஒருவருக்கு நெஞ்சை அழுத்துகிற மாதிரி வலி, இடது கை வரை இழுக்கிறது, வியர்த்துக் கொட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘கேஸ்தான், ஒரு சோடா குடிங்க’ என்று யாராவது சொல்வார்கள். அதைக் கேட்காமல் 108-ஐ அழைத்தாலோ, பக்கத்து அரசு சுகாதார நிலையத்துக்கு ஓடினாலோ பிழைக்கும் வாய்ப்பு கூடும். அங்கே அவர் மேல் முதலில் கை வைப்பது பெரும்பாலும் ஒரு நர்ஸ்தான்.

அந்த நர்ஸ் எத்தனை பேரைப் பார்க்கிறார், எத்தனை மணி நேரமாக நிற்கிறார் என்பதற்கும் நோயாளி பிழைப்பதற்கும் தொடர்பு இருக்கிறதா? இருக்கிறது என்கின்றன ஆய்வுகள்.

முதல் அரை மணி நேரம்

மாரடைப்பில் நேரம்தான் எல்லாம். நோயாளி வந்த 10 நிமிடங்களுக்குள் இசிஜி எடுக்க வேண்டும். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி தேவைப்பட்டால் 30 நிமிடங்களுக்குள் போட வேண்டும். பெரிய மருத்துவமனைக்குத் தூரம் அதிகம் என்பதால்தான், தமிழக அரசு 2023 ஜூனில் ‘இதயம் காப்போம்’ திட்டத்தைக் கொண்டுவந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாடின் என 14 மாத்திரைகள் முதல் டோஸாகத் தரப்படுகின்றன.

சின்ன மருத்துவமனையில் ஊசி, பிறகு பெரிய மருத்துவமனையில் ஆஞ்சியோ என்ற முறையும் தமிழ்நாட்டிலேயே சோதிக்கப்பட்டது. 2,420 நோயாளிகளை வைத்து நடந்த அந்த ஆய்வு 2017-ல் வெளியானது. திட்டத்துக்கு முன்பு ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதம், பின்பு 14.2 சதவீதம்.

ஊசி போட்டதும் வேலை முடிந்துவிடாது. ரத்தக்கசிவு இருக்கிறதா, பிரஷர் இறங்குகிறதா, மானிட்டரில் துடிப்பு தாறுமாறாகிறதா என்று ஒருவர் பக்கத்திலேயே இருந்து பார்க்க வேண்டும். அந்த ஒருவர் நர்ஸ்.

ஒரு நர்ஸுக்கு எத்தனை பேர்?

இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி ஐசியூவில் ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ் வேண்டும். பொது வார்டில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் 3 பேருக்கு ஒருவர், மற்ற மருத்துவமனைகளில் 5 பேருக்கு ஒருவர். நைட் நேரத்தில் ஒரு வார்டுக்குள் போய்ப் பார்த்திருந்தால், நடைமுறை என்ன என்று உங்களுக்கே தெரியும்.

மருத்துவமனையில் இருக்கும்போதே இதயம் நின்றுபோனவர்களைப் பற்றி அமெரிக்காவில் ஓர் ஆய்வு 2016-ல் வெளியானது. பொது வார்டில் ஒரு நர்ஸின் பொறுப்பில் கூடுதலாகச் சேரும் ஒவ்வொரு நோயாளிக்கும், பிழைத்து வீடு திரும்பும் வாய்ப்பு சுமார் 5 சதவீதம் குறைந்தது. காரணம் புரியாததல்ல. இதயம் நிற்பதற்கு முன்பே பல நேரம் மூச்சும் பிரஷரும் மாறத் தொடங்கிவிடும். அதைக் கவனிக்க ஆள் வேண்டும்.

உடம்பே கருவி

சிபிஆர் என்பது உடல் உழைப்பு. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, மார்பு 5 செ.மீ. ஆழமாவது இறங்கும்படி அழுத்த வேண்டும். நல்ல உடல்வாகு உள்ளவருக்கே சீக்கிரம் வேகமும் ஆழமும் குறைந்துவிடும். அதனால்தான் 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றச் சொல்கிறார்கள். மாற்ற ஆளே இல்லையென்றால்?

இதோடு நோயாளியைத் தூக்குவது, புரட்டுவது, ஸ்ட்ரெச்சருக்கு மாற்றுவது. ஒருவர் கையால் தூக்க 16 கிலோதான் பாதுகாப்பான அளவு என்பது அமெரிக்க ஆய்வாளர்கள் தரும் கணக்கு. நம்ம ஊரில் 70 கிலோ நோயாளியை இரண்டு பேர் சேர்ந்து நகர்த்துகிறார்கள். இடுப்பு வலியும் கழுத்து வலியும் வராமல் என்ன செய்யும்?

நைட் டியூட்டியின் விலை

அமெரிக்காவில் சுமார் 1,89,000 பெண் நர்ஸ்களை 24 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 2016-ல் வந்தது. பகலும் இரவும் மாறி மாறி வரும் ஷிப்ட்டில் 10 ஆண்டுகளோ அதற்கு மேலோ வேலை பார்த்தவர்களுக்கு, நைட் ஷிப்ட் பார்க்காதவர்களைவிட இதய ரத்தக்குழாய் நோய் ஆபத்து 15 முதல் 18 சதவீதம் அதிகமாக இருந்தது. நைட் ஷிப்ட்தான் ஒரே காரணம் என்று இது நிரூபிக்கவில்லை. ஆனால் தூக்கம் கெடுவது, நேரம் தவறிச் சாப்பிடுவது, பிரஷர் ஏறுவது எல்லாம் இதயத்தைத் தொடும் என்பது தெரிந்த விஷயம். அடுத்தவர் இதயத்துக்குக் காவல் இருப்பவரின் இதயம்தான் இங்கே தேய்கிறது.

என்ன செய்யலாம்?

பல தீர்வுகளுக்குப் பெரிய செலவு இல்லை. ஷிப்ட்டைக் காலை, மதியம், இரவு என்ற வரிசையில் மாற்றலாம். நைட் முடித்தவரை மறுநாள் காலையே கூப்பிடாமல் இருக்கலாம். இரவில் முறை வைத்து 20 நிமிடம் கண் அயர விடலாம். நோயாளியை நகர்த்த வழுக்கும் விரிப்பு, உயரம் மாற்றக்கூடிய கட்டில் வாங்கலாம். நர்ஸ்களுக்கு ஆண்டுதோறும் பிரஷர், சுகர், கொழுப்புப் பரிசோதனை செய்யலாம். காலியிடங்களை நிரப்புவதற்குத்தான் பணம் வேண்டும். அதற்கு மாற்று கிடையாது.

நம் பங்கும் உண்டு. வார்டில் கூட்டம் போடாமல் இருப்பது, நோயாளி சாப்பிடும் மாத்திரைச் சீட்டுகளைக் கையோடு கொண்டுபோவது, ‘சிஸ்டர், இவருக்கு மூச்சு வாங்குது’ என்று உடனே சொல்வது. நர்ஸ் எண்ணிக்கையை ஊழியர்களின் கோரிக்கை என்று மட்டும் பார்க்காதீர்கள். நாளைக்கு அந்தக் கட்டிலில் படுக்கப்போவது நம் வீட்டு ஆளாகவும் இருக்கலாம்.