வரப்போரத்துச் சந்தனம்

கல்வராயன் மலையடிவாரத்திலே, சின்னசேலத்தைச் சுற்றிய காணிகளில், யாரும் நடாமலே சந்தனக் கன்று முளைப்பதுண்டு. பழந்தின்னும் பறவைகள் இட்ட வித்து அது. முன்னாளில் குடியானவன் அதைக் கண்டு மகிழ்ந்தானில்லை. மரம் அவன் நிலத்தில், அதிகாரமோ சர்க்காரிடம். களவு போனால் விசாரணை மட்டும் அவன் தலையில்.

2002-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அம்மரத்தை நிலமுடையவனுக்கே உரிமையாக்கிற்று. வெட்டும் விற்பனையும் வனத்துறை வழியே நடைபெற 2008-இல் விதிகள் வந்தன. அச்சத்தின் வேர் பெரிதும் அறுந்தது.

எனினும், உரிமை மாத்திரம் போதுமா? சந்தனம் தனித்து வாழாது. அயல்மரங்களின் வேரைப் பற்றியே நீரும் சத்தும் பெறும். ஆகவே வேம்பும் உசிலும் புங்கும் தாமே தழைத்த நிலமே அதற்கு உகந்தது. அவற்றின் அடிக்கட்டையில் எழும் துளிர்களில் திடமான ஒன்றிரண்டை நிறுத்தி, மற்றவற்றைக் கழித்தால் விறகு கிடைக்கும், மரம் பருக்கும், பறவையும் தங்கும். சந்தனம் வைரம் பாயப் பல்லாண்டு செல்லும். தகப்பன் காத்ததை மகன் அறுப்பான்.

காட்டைக் காப்பது சர்க்கார் வேலையென்று கைகட்டி நிற்போரை நாம் கேட்கிறோம்: உங்கள் வரப்பில் முளைத்ததை யார் காப்பது?