அடுக்களைக்கு வந்த செய்திகள்

காலையில் செய்தித்தாளை முதலில் யார் பிரிப்பது என்பதில் எங்கள் வீட்டில் நாள்தோறும் ஒரு சிறு போட்டி உண்டு. என் கணவர் தலையங்கத்தில் தொடங்குவார். மகன் விளையாட்டுப் பக்கத்தை உருவிக்கொள்வான். எண்பதைத் தாண்டிய என் மாமியார் மட்டும், "காய்கறி விலை என்ன போட்டிருக்கிறது?" என்ற ஒரே கேள்வியைக் கேட்பார். உலகத்தில் எது நடந்தாலும் கடைசியில் அது அடுக்களைக்குத்தான் வந்து சேரும் என்பது அவருடைய கட்சி. பல்லாண்டுகள் அதைக் கேட்டுச் சிரித்த நான், இப்போது அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டேன். சேர்ந்த கதையை நம் சங்கத்துச் சகோதரிகளுக்குச் சொல்லவே இதை எழுதத் துணிந்தேன்.

திங்கட்கிழமை இரவு

மாமியார் தஞ்சை ஜில்லாவில் பிறந்து, 1963-இல் புதுமணப்பெண்ணாகத் தில்லி கரோல்பாக்குக்கு வந்து சேர்ந்தவர். வந்த இரண்டாம் ஆண்டிலேயே நாட்டுக்குச் சோதனை வந்தது. 1965-இல் மழை பொய்த்தது. எல்லையில் போரும் மூண்டது. அயல்நாட்டுக் கோதுமையை எதிர்பார்த்திருந்த காலம். பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, வாரத்தில் ஒரு வேளை உணவை விட்டுக்கொடுங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார். திங்கட்கிழமை இரவில் தலைநகரின் உணவு விடுதிகள் பல மூடிக்கிடந்தன. வீடுகளிலும் அடுப்பு எரியவில்லை. "குழந்தைக்கு மட்டும் பாலைக் காய்ச்சிக் கொடுத்துவிட்டு, நாங்கள் நீர்மோர் குடித்துப் படுத்துக்கொள்வோம், யாரும் கட்டாயப்படுத்தவில்லை" என்பார் மாமியார். அதைச் சொல்லும்போது இன்றும் அவர் குரலில் ஒரு பெருமிதம் தொனிக்கும்.

அப்போது உணவு அமைச்சராக விளங்கியவர் நம் கொங்கு நாட்டவரான சி. சுப்பிரமணியம். இந்திய உணவுக் கழகம் தோன்றியதும் அந்த 1965 ஜனவரியில்தான். அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் அமைந்தது. நெல் விளையும் ஊரில் பிறந்தவர் இங்கே ரேஷன் அரிசியை எண்ணி எண்ணிப் பொங்கவேண்டியதாயிற்று. அரிசி போதாத நாட்களில் கோதுமையோடு உறவு கொண்டாடக் கற்றார். கோதுமை மாவுடன் கைப்பிடி அரிசி மாவு சேர்த்து, புளித்த மோரில் நீர்க்கக் கரைத்து, இஞ்சி, பச்சைமிளகாய், சீரகம் போட்டுத் தெளித்து வார்க்கும் தோசை அப்போது வந்ததுதான். தட்டுப்பாட்டுக்காகக் கற்ற பலகாரம், இன்று என் மகன் கேட்டு வாங்கிச் சாப்பிடும் பலகாரமாகிவிட்டது.

தக்காளி மறைந்த மாதம்

2023-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தைத் தில்லிவாசிகள் எளிதில் மறக்க மாட்டார்கள். 13-ஆம் தேதி யமுனையின் நீர்மட்டம் 208.66 மீட்டருக்கு உயர்ந்து, 1978-ஆம் ஆண்டு வெள்ளத்தையும் விஞ்சிற்று. தாழ்ந்த கரைகளில் வாழ்ந்தோர் சாலையோரக் கூடாரங்களில் தஞ்சம் புகுந்தனர். தக்காளியோ கிலோ 100 ரூபாயைக் கடந்து மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது. இமாசலத்துப் பெருமழை ஒருபுறம். தெற்கே விளைச்சல் குன்றியது மறுபுறம். மத்திய அரசு ஆந்திரம், கர்நாடகம், மகாராஷ்டிரம் ஆகிய இடங்களில் தக்காளி கொள்முதல் செய்து, 14-ஆம் தேதி முதல் இங்கே வண்டிகளில் கிலோ 90 ரூபாய்க்கு விற்கலாயிற்று; பிறகு 80, 70 என்று விலையைக் குறைத்தது. நானும் ஒரு நாள் குடையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்று, வெற்றிவீரனைப்போல் இரண்டு கிலோ வாங்கி வந்தேன்.

எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கி, காய் நறுக்கித் தந்து, பதினோரு ஆண்டுகள் உதவிவந்த சேலத்து அம்மாள் ஒருவர் இருந்தார். நாங்கள் எல்லோரும் அவரை அக்கா என்றே அழைப்போம். ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்காலையொட்டி அமைந்திருந்த மதராசி கேம்ப் குடியிருப்பில் அவர் வாசம். நான் தக்காளிப் பையை மேசைமீது வைத்து விலைவாசியைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏம்மா, நான் ஒரு மாசமா தக்காளியே வாங்கலை. கொள்ளு ரசத்துக்கு எதுக்கும்மா தக்காளி?" என்றார்.

உள்ளிருந்து மாமியாரின் குரல் வந்தது: "அவள் கேட்பது நியாயந்தானே? திவசத்தன்று தக்காளியா போடுகிறோம்? அன்றைக்கு ரசம் இல்லாமலா இலை போடுகிறோம்?"

நினைத்துப் பார்த்தால் வியப்பாகத்தான் இருக்கிறது. தக்காளி அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கீசியர் இந்நாட்டுக்கு வந்த பிறகே இங்கு வந்து சேர்ந்தது. நம் முன்னோர் அதைச் 'சீமைத் தக்காளி' என்று அழைத்து, அயலான் என்பதை நினைவில் வைத்திருந்தனர். மிளகாயும் உருளைக்கிழங்கும் அந்தக் கண்டத்திலிருந்தே வந்தவை. பல குடும்பங்களின் திவசச் சமையலில் இவற்றுக்கு இன்றும் இடமில்லை. புளியும் மிளகும் சீரகமும் கொண்டு ரசம் வைத்த நாட்கள், தக்காளி கொண்டு வைத்த நாட்களைவிட மிகப் பல. இதை அறிந்திருந்தும் வண்டிக்குப் பின்னால் குடையோடு நின்ற என் அறியாமையை எண்ணி நானே சிரித்துக்கொண்டேன்.

பதினோரு ஆண்டுகள் எங்கள் சமையலுக்குக் காய் நறுக்கியவரிடம், "உங்கள் வீட்டில் என்ன சமையல்?" என்று நான் ஒருநாளும் முறையாகக் கேட்டதில்லை என்பதும் அன்றுதான் உறைத்தது. அவரை உட்காரச் சொல்லி, காப்பி கொடுத்து, நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் குறித்துக்கொண்டேன். அதுவே இது.

சேலத்துக் கொள்ளு ரசம்

கொள்ளு 100 கிராம். எலுமிச்சங்காயில் பாதியளவு புளி. மிளகு ஒரு தேக்கரண்டி. சீரகம் ஒன்றரைத் தேக்கரண்டி. பூண்டு எட்டுப் பல். காய்ந்த மிளகாய் இரண்டு. மஞ்சள்தூள், பெருங்காயம், உப்பு, கறிவேப்பிலை, கொத்தமல்லி. தாளிக்க நல்லெண்ணெயும் கடுகும்.

கொள்ளைக் கல் நீக்கிக் களைந்து, இரவே ஊறவைக்கவேண்டும். காலையில் ஐந்து குவளை நீர் விட்டு, விரலால் நசுக்கினால் நசுங்கும்வரை குக்கரில் வேகவைத்து, நீரைத் தனியே வடித்துக்கொள்ளுங்கள். ரசத்தின் உயிர் அந்த நீர்தான். மிளகு, சீரகம், மிளகாய், பூண்டு இவற்றோடு வெந்த கொள்ளில் ஒரு பெரிய கரண்டி சேர்த்துக் கரகரப்பாக அரையுங்கள். விழுதாகிவிட்டால் ரசம் குழம்பாகிவிடும். புளியைக் கரைத்து உப்பும் மஞ்சளும் இட்டுப் பச்சை வாசனை போகக் கொதித்த பின்பு, அரைத்ததையும் கொள்ளு நீரையும் விடுங்கள். நுரை கட்டி மேலே எழும்பியதும் இறக்கிவிடவேண்டும், கொதிக்கவிடலாகாது. நல்லெண்ணெயில் கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி, கொத்தமல்லி தூவி மூடிவையுங்கள். எஞ்சிய கொள்ளைத் தேங்காய் சேர்த்துச் சுண்டலாக்கலாம்.

தில்லி மளிகைக் கடையில் 'குல்த்தி' என்று கேளுங்கள். எங்கள் மாடியில் குடியிருக்கும் கடுவால் மாது அதைக் 'கஹத்' என்கிறார். அவர்களுடைய மலைநாட்டிலும் குளிர்காலத்துக்கு இதுவே பருப்பாம். 'இளைத்தவனுக்கு எள், கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பது நம் பழமொழி. உடலுக்குச் சூடு தரும் பொருளாதலால் மழைக்கும் குளிருக்கும் ஏற்றது, கோடையில் வேண்டாம்.

மாற்றுச் சமையல் இல்லாத செய்தி

2025 ஜூன் முதல் தேதியன்று மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. வாய்க்காலின் நீர்வழியை ஆக்கிரமித்திருப்பதால் வெள்ளம் வடியவில்லை என்று கூறி, நீதிமன்ற ஆணையின்படி அகற்றினார்கள். அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தமிழர் வாழ்ந்துவந்த இடம். ஏறத்தாழ 370 வீடுகள். தகுதியுடையோர் எனக் காணப்பட்டவர்களுக்கு நரேலாவில் அடுக்குமாடி வீடு கிடைத்தது. ஏனையோருக்கு அதுவும் இல்லை. சொந்த ஊர் திரும்ப விரும்புவோருக்கு உதவுவதாகத் தமிழ்நாட்டு அரசு அறிவித்தது.

அந்தச் செய்தி எங்கள் செய்தித்தாளில் உள்பக்கத்தில் வந்தது. ஆனால் எங்கள் அடுக்களைக்கு அது முதல் பக்கச் செய்தி. தக்காளிக்குப் பதில் புளி உண்டு. அரிசிக்குப் பதில் கோதுமை உண்டு. வீட்டுக்குப் பதில் எதைப் போடுவது? எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பெரிய தூக்கில் தயிர்சாதமும், மற்றொன்றில் புளிச்சாதமும் நிரப்பிக்கொண்டு போய் நின்றதுதான். ஜூன் வெயில். அக்கா தம் பாத்திரங்களை ஒரு பழைய சேலையில் மூட்டையாகக் கட்டி, அதன்மேல் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் முதலில் கேட்டது, "நாளைக்குக் காய் யாரும்மா நறுக்குவாங்க?" என்பதே. என்னால் விடை சொல்ல முடியவில்லை.

அவருக்கு நரேலாவில் வீடு கிடைத்தது. தில்லியின் வட எல்லை. இங்கிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர். முதல் மாதம் விடியுமுன் பஸ் ஏறி வேலைக்கு வந்து பார்த்தார், பின் முடியவில்லை. அவருடைய பேரன் இங்கே தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளியொன்றில் படிப்பவன். "அங்கே தமிழ் எங்கேம்மா சொல்லித் தராங்க?" என்று சொல்லி, அவனை மட்டும் இப்பக்கத்து வாடகை அறையில் வாழும் உறவினரிடம் விட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் பேரனைப் பார்க்க வரும்போது எங்கள் வீட்டுக்கும் வருவார்.

சென்ற குளிர்காலத்தில் அப்படி வந்த ஒரு நாள், நான் வைத்த கொள்ளு ரசத்தை அவருக்குக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தேன். மாமியாரும் பக்கத்தில் அமர்ந்திருந்தார். அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு, "பூண்டு பத்தலை, கொஞ்சம் கொதிக்கவும் விட்டுட்டீங்க" என்றார். மாமியார், "நான் அப்போதே சொன்னேன்" என்றார். நான் இருவருக்கும் இன்னொரு கரண்டி விட்டேன்.

நம் சங்கத்து அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் இல்லத்தில் உதவிக்கு வரும் தமிழ்ப் பெண்மணியிடம், அவர் ஊரில் என்ன சமைப்பார்கள் என்று ஒரு நாள் உட்காரவைத்துக் கேளுங்கள். அப்படியே, எங்கே குடியிருக்கிறார், குழந்தைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள் என்றும் கேளுங்கள். நரேலாப் பக்கத்தில் வாரத்தில் இரண்டு நாளாவது குழந்தைகளுக்குத் தமிழ் கற்பிக்க முன்வருவோர் நம்முள் இருந்தால், சங்கத்துக்கு எழுதுங்கள். அங்கே போய்வரும் வழியை நான் கேட்டு வைத்திருக்கிறேன், துணைக்கு வருகிறேன்.