மஞ்சளாகும் வெள்ளை பூட்ஸ்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி சுமாருக்கு அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களில் ஏதாவது ஒரு வீட்டு மொட்டை மாடியில் ஏறி நின்று நாலு பக்கமும் பாருங்கள். கைப்பிடிச் சுவர்களின் மேல் ஜோடி ஜோடியாக வெள்ளைக் கான்வாஸ் பூட்ஸுகள் உட்கார்ந்திருக்கும். கயிற்றை இழந்து, நாக்கை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு, ஏதோ குற்றத்துக்காக வெயிலில் நிறுத்தப்பட்டவை போல் அவை காட்சி அளிக்கும். வாஸ்தவத்தில் தண்டனை அவற்றுக்கு அல்ல. மறுநாள் அவற்றை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகும் குழந்தைகளுக்குத்தான்.

எங்கள் அண்டை வீட்டுப் பையன் ஆறாவது வகுப்பில் வாசிக்கிறான். அவன் தாயார் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறார். வாரத்தில் ஆறு நாள் அந்த வேலை. ஏழாவது நாள் வீட்டுத் துணிமணிகளைத் தோய்க்கும் வேலை. சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாள் பையனுடைய பூட்ஸுக்கு இரண்டு மடங்கு ஸோப்பு போட்டு, பிரஷ் தேயும்படி தேய்த்து, உச்சி வெயிலில் காய வைத்தார். வைத்தபோது கொக்கின் இறகு போல் இருந்த பூட்ஸ், மாலையில் எடுத்தபோது ஓரமெல்லாம் பழுப்பேறிப் பழைய காகிதம் போல் ஆகியிருந்தது. மறுநாள் காலை அணிவகுப்பில் டிரில் மாஸ்டர் பையனை வரிசையிலிருந்து விலக்கித் தனியாக நிறுத்திவிட்டார். வீடு திரும்பிய பையன், "நீங்க சரியாத் தேய்க்கலையாம், அம்மா" என்று சொன்னானாம். இதை எங்கள் வீட்டில் வந்து சொன்னபோது அந்த அம்மாளின் குரல் தழுதழுத்தது.

நேயர்களே! அந்த மஞ்சள், சரியாகத் தேய்க்காததனால் வந்தது அல்ல. அளவுக்கு மிஞ்சி ஸோப்பு போட்டுத் தேய்த்ததனால் வந்தது. இந்த ஒரு விஷயம் தெரியாததனால் எத்தனையோ வீடுகளில் தாய்மார்களின் கை வலியும் குழந்தைகளின் மன வலியும் வீணாகப் பெருகுகின்றன.

வெள்ளை பூட்ஸின் பூர்வ கதை

கான்வாஸ் என்பது நம் கித்தான் துணியே. அதன் அடியில் ரப்பரைச் சேர்த்துப் பாதரட்சை செய்யலாம் என்பது பிற்காலத்து யோசனை. 1839-ல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் என்பவர், ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் இளகாமலும் குளிரில் வெடிக்காமலும் நிற்கிறது என்று கண்டுபிடித்தார். அதற்குப் பிறகுதான் மேலே துணி, கீழே ரப்பர் என்ற ஜோடு நிலைத்தது. இங்கிலாந்தில் இதற்குப் 'பிலிம்ஸால்' என்று பெயர். கப்பல்களில் அளவுக்கு மீறிச் சரக்கு ஏற்றுவதைத் தடுப்பதற்காகப் பாடுபட்ட ஸாமுவேல் பிலிம்ஸால் என்பவரின் பெயரால், கப்பலின் பக்கத்தில் ஒரு கோடு போடுவது உண்டு. பூட்ஸில் துணியும் ரப்பரும் சேரும் இடத்திலுள்ள பட்டை அந்தக் கோட்டைப் போல் இருந்ததனால் இந்தப் பெயர் வந்ததாகச் சொல்கிறார்கள். கோட்டுக்கு மேல் ஜலம் ஏறினால் கப்பலுக்கு ஆபத்து. பூட்ஸ் விஷயத்திலும் தொல்லை அந்தக் கோட்டிலேதான் ஆரம்பமாகிறது என்பதைச் சற்றுப் பொறுத்துப் பார்க்கப்போகிறோம்.

நம் தேசத்தில், கல்கத்தாவுக்கு அருகிலுள்ள பாட்டாநகரில் 1936-ல் பள்ளிக்கூடத் தேகப்பயிற்சிக்கென்றே டென்னிஸ் பூட்ஸ் செய்யத் தொடங்கினார்கள். அன்று முதல் டிரில் வகுப்பும் வெள்ளை பூட்ஸும் இணைபிரியாத தோழர்களாகிவிட்டன. சென்னைக்கு மேற்கே உள்ள இந்த ஊர்களுக்கோ சீருடை என்பது புதிது அல்ல. ஆவடியில் 1961-ல் ராணுவ உடைத் தொழிற்சாலை ஏற்பட்டது; கனரக வாகனத் தொழிற்சாலையும் அதே வருஷத்தில் ஏற்பட்டதுதான். போலீஸ் பட்டாளங்களும் அங்கே இருக்கின்றன. வெளுத்த உடையும் ஒழுங்கான வரிசையும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் தினமும் கண்டு வளர்கிற காட்சிகள். வரிசையை விட்டு விலக்கினால் அவர்களுக்கு ஏன் அவ்வளவு மனம் நோகிறது என்பது இப்போது விளங்கும்.

வெயில் மேல் வீண் பழி

எங்கள் தெரு முனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் உண்டு. வெள்ளாவி வைத்துத் துணி வெளுத்த குடும்பத்தில் பிறந்தவர். பையனின் தாயார் அந்த பூட்ஸை அவரிடம் கொண்டுபோய்க் காட்டி, "வெயில் இப்படிப் பாழாக்கிவிட்டதே!" என்று முறையிட்டார். பெரியவர் இரண்டு விரலில் ஜலத்தைத் தொட்டு, பூட்ஸின் மூக்கில் வைத்து அழுத்தித் தேய்த்தார். சிறு நுரை கிளம்பியது.

"சோப்பு உள்ளேயே இருக்குதுங்கம்மா. வெயில் மேலே ஏன் பழி போடுறீங்க? வேட்டியும் இதே வெயில்லதானே காயுது?" என்றார்.

எவ்வளவு சரியான கேள்வி! வேட்டி வெயிலில் காயக் காய வெளுக்கிறது. பூட்ஸ் அதே வெயிலில் மஞ்சளாகிறது. வேட்டியைக் கல்லில் அடிக்கலாம், முறுக்கிப் பிழியலாம், ஓடும் ஜலத்தில் அலசலாம். வெளுப்பவர்கள் உவர்மண் போட்டு வெள்ளாவியில் அவித்தாலும், அந்தக் காரம் துளிகூடத் தங்காமல் அலசிவிட்டுத்தான் வெயிலில் விரிப்பார்கள். பூட்ஸை அடிக்க முடியுமா, பிழிய முடியுமா? இரண்டு மூன்று மடிப்புத் துணி, நடுவே பசை, உள்ளே பஞ்சு போன்ற அடித்தாள், கீழே ரப்பர். குடித்த ஸோப்பு ஜலத்தை அது லேசில் வெளியே விடாது.

இனி வெயிலில் நடப்பது என்ன? தூத்துக்குடி உப்பளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பாத்தியில் ஜலம் வற்றுகிறது, உப்பு தங்குகிறது. அதே போல் பூட்ஸின் உள்ளே இருக்கும் ஈரம் துணியின் மேற்பரப்புக்கு வந்து ஆவியாகிறது. வரும்போது ஸோப்பையும், உப்பையும், அடித்தாளிலும் பசையிலும் கரைந்த பழுப்பையும் கூட அழைத்து வருகிறது. ஜலம் மேலே போய்விடும். அழைத்து வந்த விருந்தாளிகள் துணியிலேயே தங்கிவிடுவார்கள். கடைசியாகக் காயும் இடம் தையலும் ரப்பர் பட்டையின் ஓரமும். ஆகவேதான் அந்தக் கோட்டின் மேல் மஞ்சள் விளிம்பு விழுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. ரப்பரும் பசையும் சீக்கிரம் கெடாமல் இருப்பதற்காகத் தொழிற்சாலைகளில் சில காப்புப் பொருள்களைச் சேர்ப்பார்கள். பாலிதீன் பைகளிலும் இவை இருப்பதுண்டு. மோட்டார் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்ஸைடுகள் இவற்றோடு கூடினால் மஞ்சள் நிறம் பிறக்கிறது. அந்த நிறம் காரம் உள்ள இடத்தில் எடுப்பாகத் தோன்றும். புளிப்பு பட்டால் அடங்கிவிடும். இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தி சிவக்கிறது. அதில் எலுமிச்சம் சாறு பிழிந்தால் சிவப்பு மறைந்து மறுபடியும் மஞ்சளே தெரிகிறது. ஸோப்பின் காரம் பூட்ஸில் தங்குவதும், எலுமிச்சை அதைப் போக்குவதும் அந்த ஆரத்தித் தட்டின் ரஸாயனமே.

கிணற்று ஜலத்தின் குணம்

அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆவடி 2019-ல் தானே ஒரு மாநகராட்சி ஆயிற்று. ஆனால் பல வீடுகளில் குடிப்பதற்கு ஒரு ஜலம், துணி தோய்ப்பதற்கு ஆழ்குழாய்க் கிணற்று ஜலம் என்பதுதான் இன்றும் வழக்கம். ஆழ்குழாய் ஜலத்தில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீஷியமும் மிகுந்திருந்தால் அதைக் கடின ஜலம் என்கிறோம். குடிநீரில் இந்தக் கடினம் லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு வழியில்லாதபோது 600 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. கடின ஜலத்தில் ஸோப்பு நுரைக்காது. திரிதிரியாகத் திரிந்து துணியில் ஒட்டும். நுரை வரவில்லையே என்று நாம் மேலும் ஸோப்பைப் போடுவோம். தொல்லை இரட்டிக்கும்.

உங்கள் வீட்டு ஜலம் எப்படி என்று அறிய ஒரு ஸுலபமான வழி: ஒரு புட்டியில் பாதி ஜலம் பிடித்து, சிறு துண்டு குளியல் ஸோப்பைப் போட்டுக் குலுக்குங்கள். நுரை நிற்காமல் வெண்மையாகத் திரிந்தால் கடின ஜலம். வாளியின் உட்புறத்திலும் குழாயின் கீழும் செம்பழுப்புக் கறை படிந்திருந்தால் அதில் இரும்பும் இருக்கிறது.

செய்ய வேண்டியது

முதலில் கயிற்றையும், கழற்ற முடியுமானால் உள் அட்டையையும் எடுத்துவிடுங்கள். சேறு இருந்தால் அது நன்றாகக் காயும் வரை பொறுத்து, உலர்ந்த பிரஷினால் தட்டி உதிருங்கள். செங்குன்றம் என்ற பெயரே இந்தப் பக்கத்து மண்ணின் நிறத்தைச் சொல்லும். செம்மண்ணை ஈரத்தோடு தேய்த்தால் அது நூலுக்குள் புகுந்துகொள்ளும்.

அரை வாளி வெதுவெதுப்பான ஜலத்தில் ஒரு தேக்கரண்டி ஸோப்புத் தூள் போதும். மெத்தென்ற பிரஷினால் தேய்த்து, ஐந்தாறு தடவை ஜலம் மாற்றி அலசுங்கள். பெரியவர் செய்த சோதனையைச் செய்து பாருங்கள்: மூக்கில் கட்டை விரலால் அழுத்தினால் நுரை வரக் கூடாது.

கடைசி அலசலுக்குக் குடிக்கிற ஜலம் இரண்டு லிட்டர் ஒதுக்குங்கள். அதில் ஓர் எலுமிச்சம்பழச் சாற்றை வடிகட்டி விட்டு, பூட்ஸை ஐந்து நிமிஷம் அமிழ்த்தி எடுத்து, மறுபடியும் நல்ல ஜலத்தில் ஒரு தடவை அலசுங்கள். கிணற்று ஜலத்தில் எலுமிச்சையைப் பிழிவது வீண். அந்த ஜலத்தின் காரமே புளிப்பை விழுங்கிவிடும்.

பிறகு பழைய வேட்டித் துணியை உள்ளே திணித்து, வெளியே அச்சில்லாத வெள்ளைக் காகிதத்தை ஈரத்தோடு ஒட்டினாற்போல் சுற்றி, காற்றோட்டமுள்ள நிழலில் வையுங்கள். இப்போது ஜலம் ஆவியாகும் மேற்பரப்பு துணி அல்ல, காகிதம். மஞ்சள் விளிம்பு காகிதத்தில் விழும், பூட்ஸ் பிழைக்கும். செய்தித்தாளை உபயோகிக்காதீர்கள்; தலைப்புச் செய்தி பூட்ஸில் பதிந்துவிடும்.

ஏற்கெனவே மஞ்சளான பூட்ஸுக்கும் முதலில் இந்த எலுமிச்சை அலசலையே செய்யுங்கள். அநேகமாகப் பாதிக்கு மேல் போய்விடும். மிச்சம் இருந்தால் கடையில் விற்கும் ஆக்ஸிஜன் வெளுப்புத் தூளைப் பொட்டலத்தில் கண்ட அளவுப்படி வெதுவெதுப்பான ஜலத்தில் கரைத்து ஊறவைக்கலாம். அதுவும் காரமே ஆகையால் பின்னால் எலுமிச்சை அலசல் அவசியம். இரும்புக் கறைக்கு உப்பும் எலுமிச்சம் சாறும் தடவிச் சற்றுப் பொறுத்து அலசவேண்டும். ரப்பர் ஓரத்துக்கு ஈரத் துணியில் தொட்ட பல்பொடி போதும்.

செய்யக்கூடாதது

குளோரின் கலந்த வெளுப்பு மருந்தைக் கான்வாஸில் விடாதீர்கள். இரும்புள்ள ஜலத்தில் அது துருவைத் துணியிலேயே படியச் செய்யும்; நூலையும் ரப்பரையும் அரிக்கும். அதை எலுமிச்சையுடனோ வினிகருடனோ கலந்தால் விஷ வாயு எழும், இது விளையாட்டல்ல. சமையல் ஸோடாவையும் வினிகரையும் கலக்கச் சொல்லும் வைத்தியமும் உண்டு. நுரை பொங்கும், பார்க்க அழகாயிருக்கும். ஆனால் ஒன்றை ஒன்று முறித்துவிடுவதால் காரியம் நடவாது. நீலப் பொடி அழுக்கை எடுப்பதில்லை. மஞ்சளின் மேல் நீலம் சேர்ந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தோன்றச் செய்கிறது, அவ்வளவுதான். புளிப்பு பட்டால் அதன் நிறம் கெடும் ஆகையால் எலுமிச்சை அலசல் முடிந்து, நல்ல ஜலத்திலும் அலசிய பிறகே சிறிது உபயோகிக்கலாம். உலர்ந்த பூட்ஸைப் பாலிதீன் பையில் கட்டி வைக்காதீர்கள். துணிப் பை நல்லது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரத்தோடு மூலையில் போட்டால் கரும்புள்ளி பூத்துவிடும். அது கிளம்பினால் லேசில் போகாது.

உபாத்தியாயர்களுக்கும் ஒரு வார்த்தை. கான்வாஸுக்கும் ரப்பருக்கும் வயதாகும். எத்தனை பக்குவம் செய்தாலும் வருஷக் கடைசியில் பால் வெள்ளை சந்தன வெள்ளை ஆகியே தீரும். அழுக்கு வேறு, பழுப்பு வேறு. பழுத்த பூட்ஸுடன் ஒரு பிள்ளை வந்தால், அவன் வீட்டில் சோம்பல் குடியிருக்கிறது என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் அங்கே உழைப்பு அதிகம்; நல்ல ஜலம் குறைவு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்டை வீட்டு அம்மாள் ஒரே கரண்டித் தூள் போட்டு, ஆறு தடவை அலசி, காகிதம் சுற்றிக் கூடத்து ஜன்னலோரம் பூட்ஸை வைத்தார். திங்கட்கிழமை மாலை பையன் எங்கள் வாசலில் நின்று காலைத் தூக்கிக் காட்டினான். ஓரத்தில் மஞ்சள் கோடு இல்லை.

"இந்தத் தடவை அம்மா கொஞ்சமாத்தான் தேய்ச்சாங்க, மாமா!" என்றான்.