சின்னப் பிராணிகளைப் படம்பிடிக்க எந்த லென்ஸ்?

கனடாவுக்கு வந்த இரண்டாவது குளிர்காலத்தில் என் மகள் ஒரு ஹாம்ஸ்ரர் கேட்டாள். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு பிடிபடாமல், ஒருவரோடும் கதைக்காமல் இருந்த பிள்ளை. ஊரிலென்றால் கோழி, ஆடு, நாய் என்று முற்றம் நிறைய நிற்கும். பார்க் எக்ஸ்ரென்சனில், மூன்றாம் மாடியில், கூட்டுக்குள் அடங்குகிற ஒரு சீவன்தான் சரிவரும். பார்வைக்கு வால் கட்டையான எலி. பஞ்சு என்று பெயர் வைத்தாள். அதன் முகத்தை ஊரிலுள்ள அப்பம்மாவுக்குக் கிட்டக் காட்டவேண்டுமாம். கமெரா ஏற்கெனவே என்னிடம் இருந்தது. லென்ஸ் தேடப் புறப்பட்டேன். இரண்டுதரம் பிழைவிட்டேன். அந்தக் காசாவது உங்களுக்கு மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலாவது பிழை, "மக்ரோ" என்று அச்சிட்டிருந்த ஒரு பழைய ஜூம் லென்ஸ். அது 1:4 உடன் நின்றுவிட்டது. 1:1 என்றால், ஒரு சென்ரிமீற்றர் பொருள் கமெராவின் சென்சரிலும் ஒரு சென்ரிமீற்றராகவே விழும். 1:4 என்றால் அதில் காற்பங்குதான். முழு ஹாம்ஸ்ரரையும் எடுக்க மக்ரோவே தேவையில்லை, கமெராவோடு வரும் 18-55 லென்ஸ் போதும். முகம், கண், விதையைப் பிடித்திருக்கும் கை என்று போகும்போதுதான் 1:1 வரை போகிற லென்ஸ் வேண்டும்.

இரண்டாவது பிழைதான் பெரியது. மலிவு என்று 40 மி.மீ. மக்ரோ வாங்கினேன். மிகக் கிட்டிய தூரம் 16.3 செ.மீ. என்று போட்டிருந்தது. அந்தத் தூரம் சென்சரிலிருந்து அளப்பது என்று எனக்குத் தெரியாது. கமெராவையும் லென்ஸையும் கழித்தால் 1:1 இல் மிஞ்சுவது மூன்று நான்கு சென்ரிமீற்றர்தான். லென்ஸ் மீசையில் முட்டாத குறை. அதன் நிழலும் பஞ்சுவின் மேலே விழும், அவன் ஓடி ஒளித்துவிடுவான். 100 மி.மீ. பக்கத்து லென்ஸ் என்றால் அதே பருமனுக்குப் பதினைந்து சென்ரிமீற்றரளவு இடம் கிடைக்கும். பயந்த பிராணிக்கு அந்த இடைவெளிதான் முக்கியம்.

கடைசியில் ரம்ரொன் 90 மி.மீ. ஒன்றைப் பாவித்ததாக வாங்கினேன். கனன் 100, நிக்கொன் 105 இரண்டும் இதே வகைதான். நிக்கொன்காரர் மக்ரோவை "மைக்ரோ" என்று எழுதுவார்கள், குழம்பவேண்டாம். நிக்கொனின் மலிவான கமெராக்கள் பலவற்றுள் போக்கஸ் மோட்டார் இல்லை. பழைய லென்ஸைப் போட்டால் கையால் திருப்பவேண்டிவரும். ஆகவே உங்கள் கமெராவைக் கொண்டுபோய்ப் பூட்டிப் பார்த்தே வாங்குங்கள். சென் உபேர் வீதியில் 1927 இல் தொடங்கிய லோசோ கடை இருக்கிறது, பார்க் எக்ஸிலிருந்து தூரமில்லை. விலைச்சீட்டில் இருப்பது முழு விலையல்ல. இரண்டு வரியும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 15 வீதம் கூடும்.

அவ்வளவு காசு இல்லையென்றால் நீட்டுவளையம் வாங்குங்கள். கமெராவுக்கும் லென்ஸுக்கும் இடையே பூட்டும் வெறும் வளையம், உள்ளே கண்ணாடி கிடையாது. 50 மி.மீ. லென்ஸோடு 25 மி.மீ. வளையம் போட்டால் 1:2 ஐயும் தாண்டும். மின்தொடுப்பு உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். ஆனால் கிட்டப் போகவேண்டிவரும் என்பதை மறக்கவேண்டாம்.

டிசெம்பரில் இங்கே நாலேகாலுக்குச் சூரியன் மறைந்துவிடும். ஹாம்ஸ்ரரோ என்னைப்போல இரவுவேலைக்காரன். ஃபிளாஷை முகத்துக்கு நேரே அடிக்காமல் வெள்ளைச் சீலிங்கில் பட்டுத் திரும்பவிட்டேன். கூட்டை யன்னலோரம் இழுக்காதீர்கள், குளிர் அதற்கு ஆகாது. f/8 வைத்தாலும் தெளிவாக விழுவது சில மில்லிமீற்றர்தான். கண்ணில் போக்கஸ் பண்ணினால் காது மங்கும், அது பரவாயில்லை.

ஹாம்ஸ்ரருக்கு ஆயுள் இரண்டு வருடம், மிஞ்சினால் மூன்று. சரியான லென்ஸ் வந்தபோது பஞ்சுவுக்கு ஒன்றரை வயது தாண்டிவிட்டது. சூரியகாந்தி விதையை இரண்டு கையாலும் பிடித்திருக்கும் படம் ஒன்று வடிவாக வந்தது. அப்பம்மா பார்த்துவிட்டு, "எலிக்கே சாப்பாடு போட்டு வளர்க்கிறியள்?" என்று கேட்டா. சித்திரையில் பஞ்சு செத்துப்போனான். மகள் அந்தப் படத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், வகுப்பின் முன்னால் நின்று பிரெஞ்சில் அவனைப்பற்றிக் கதைத்தாளாம். ரீச்சர்தான் எனக்குச் சொன்னா.