ஊர்ப் புள்ளியும் தேசப் பிரஜையும்

நகரத்தார் குலத்தில் ஓர் ஆண்மகனுக்கு விவாகம் ஆனதும், அவனுடைய குடும்பம் நகரக் கோயிலில் ஒரு புள்ளியாகக் கணக்கில் ஏறுகிறது. இளையாற்றங்குடி, மாற்றூர், பிள்ளையார்பட்டி முதலிய ஒன்பது கோயில்களிலும் இதுவே வழக்கம். பிறகு அவன் ரங்கூனுக்குப் போனாலும் கோலாலம்பூருக்குப் போனாலும், கடல் கடந்த காரணத்தால் புள்ளி அழிவதில்லை. ஊரில் எத்தனை நாள் வசித்தாய் என்று கோயில் கேட்பதில்லை. தேசங்களோ முதலில் கேட்பது அதைத்தான். இந்த வித்தியாசத்தைச் செட்டிநாடு இலங்கையில் உணர்ந்தது.

முன்னாளில் கொண்டுவிற்கச் சென்ற ஏஜெண்டு, மூன்று வருஷக் கணக்கு முடித்து ஊர் திரும்புவார். மனைவி மக்கள் காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருப்பார்கள். இரு கரையும் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தவரை இதனால் தொல்லை நேரவில்லை.

1948-ல் இலங்கை சுதந்திரம் பெற்றது. இந்திய, பாகிஸ்தானிய வாசிகளுக்கென 1949-ல் ஒரு பிரஜா உரிமைச் சட்டம் பிறந்தது. 1946 ஜனவரி 1-க்கு முன், விவாகமானவர் 7 வருஷமும் மற்றவர் 10 வருஷமும் இடையறாது அங்கே வசித்திருக்க வேண்டும். ஒரே தடவையில் 12 மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் தொடர்ச்சி அறுந்துபோம். மனைவியும் மைனர் குழந்தைகளும்கூட இலங்கையிலேயே வாழ்ந்திருக்க வேண்டும் என்பது மூல விதி. கொழும்புச் செட்டியார் தெருவில் முப்பது வருஷம் கணக்கெழுதியவராயினும், குடும்பத்தை ஊரில் வைத்திருந்தால் அவர் கதி என்ன என்பதை நேயர்களே ஊகிக்கலாம்.

அவருக்காவது திரும்பி வர வீடு இருந்தது. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறையாக உழைத்த ஏழைகளுக்கும் அதே விதிதான். தாங்கள் அங்கே வாழ்ந்ததற்கு எழுத்துச் சாட்சியம் தேடி அவர்கள் தவித்தார்கள். சுமார் 8 லட்சம் பேர் சார்பில் மனுக்கள் போயின. உரிமை பெற்றவர் ஏறக்குறைய 1,34,000 பேரே. 1964-ல் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்த ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் என்று பங்கிடப்பட்டார்கள். எஞ்சியோர் விஷயத்தில் 1974-ல் மற்றோர் ஒப்பந்தமும், 2003-ல் இலங்கையில் ஒரு சட்டமும் தேவைப்பட்டன.

இன்று நம் பிள்ளைகள் சிங்கப்பூரில் மனைவி மக்களுடனேயே நிரந்தரவாசிகளாக இருக்கிறார்கள். 2 வருஷம் அவ்வாறு இருந்தபின் குடியுரிமைக்கு மனுச் செய்யலாம். ஆனால் அந்நாடு இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. நமது 1955-ம் வருஷச் சட்டப்படியும், மனமுவந்து வேறு நாட்டுப் பிரஜையானவர் இந்தியப் பிரஜையாக நீடிக்க முடியாது. 2005 முதல் வழங்கப்படும் வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை இருந்தால் விசா இல்லாமல் வந்து போகலாம். வோட்டுப் போடவோ விவசாய நிலம் வாங்கவோ இயலாது.

நிரந்தரவாசியாகவே இருந்துவிட்டால் பாரம் இல்லை என்றும் எண்ணிவிடக் கூடாது. பெற்றோர் வழியாக நிரந்தரவாசியான ஆண்பிள்ளைக்கும் அங்கே தேசியச் சேவைக் கடமை உண்டு. கடமை பிள்ளையைத் தேடி வரும். தேர்தலில் வாக்கு மட்டும் அவனுக்கு இராது.

ஆகவே மகன் அன்னிய தேசத்துப் பிரஜையாக விரும்பினால், ஊரைத் துறந்தான் என்று பெற்றோர் கண் கலங்க வேண்டியதில்லை. கோயில் கணக்கில் அவன் புள்ளி இருக்கவே இருக்கிறது. பேரக் குழந்தைகள் எந்த மண்ணில் வளரப் போகிறார்கள், யார் ஆட்சிக்கு உட்பட்டு வாழப் போகிறார்கள் என்பதையே யோசிக்க வேண்டும். பத்திரங்களில் கையொப்பமிடும் முன்பே, அடுத்த விடுமுறையில் அவன் ஊருக்கு வரும்போது, மருமகளையும் உடன் வைத்துக்கொண்டு இதைப் பேசி முடிவு செய்வது உத்தமம்.