தொழில் தெரிந்த கைக்கு முத்திரை வைப்பது யார்?

கோவைப் பட்டறையில் பத்து வருஷம் வெல்டிங் செய்தவர் புனேக்கோ சூரத்துக்கோ பிழைப்புத் தேடிப் போனால், கேட்டில் முதலில் கேட்பது சர்டிபிகேட்டைத்தான். வேலையைச் செய்து காட்டும் சந்தர்ப்பம் அப்புறம்தான். சொந்த ஊரில் மேஸ்திரியின் ஒரு வார்த்தை போதும். வெளி மாநிலத்தில் அது செல்லாது.

அந்தக் காகிதத்துக்கு நாடெங்கும் ஒரே மதிப்பு இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு பழையது. 1950-ல் மத்திய அரசு கைவினைஞர் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கிற்று. ஐ.டி.ஐ.க்கள் இத்திட்டத்தைச் சேர்ந்தவையே. 1956-ல் அவற்றின் அன்றாட நிர்வாகம் மாநிலங்களிடம் போயிற்று. பிட்டருக்கும் டர்னருக்கும் ஆளுக்கொரு பாடம், ஊருக்கொரு பரீட்சை என்று ஆகிவிடக் கூடாதல்லவா? அதே ஆண்டில் தேசியத் தொழிற்பயிற்சிக் கவுன்சில் ஏற்பட்டது. அதிகாரிகளோடு முதலாளிகள் சங்கத்தாரும், தொழிற்சங்கத்தாரும் அதில் இடம் பெற்றனர்.

அடுத்து வந்தது 1961-ம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம். பையன்களை எடுபிடியாக வைத்துக்கொண்டு 'அப்ரண்டிஸ்' என்று பெயர் சூட்டும் வழக்கத்துக்கு அது ஒரு வரம்பு கட்டிற்று. 2019 விதித் திருத்தப்படி, 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் தம் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும். பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே தீர வேண்டும் என்று மட்டும் சட்டம் சொல்லவில்லை. ரயில்வே இதில் கொஞ்சம் தாராளம்: தன்னிடம் பழகியவர்களுக்கு முதல்நிலைப் பணியிடங்களில் 20 சதவீதம் ஒதுக்குகிறது.

2008-க்குப் பிறகு காற்று திசை மாறிற்று. தேசியத் திறன் மேம்பாட்டுக் கழகமும், அதன் வழியே துறைவாரித் திறன் கவுன்சில்களும் வந்தன. மோட்டார் துறைக் கவுன்சிலை உருவாக்கியதில் வாகன உற்பத்தியாளர், உதிரிபாகம் செய்வோர், விற்பனையாளர் சங்கங்களுக்குப் பங்குண்டு. ஒரு மெக்கானிக் என்னென்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பதைத் தொழில்துறை எழுதிக் கொடுக்கும். அரசு அதைப் பரிசீலித்து ஏற்கும். 2013 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட தகுதிச் சட்டகம் இவற்றைப் படிப்படியாக அடுக்கிற்று. முதலில் பத்துப் படி, 2023-ல் எட்டு.

தொழிற்சாலைக்கு வேண்டியதைத் தொழிற்சாலையே சொல்வது நியாயம்தான். ஆனால் முதலாளி தரப்பின் குரல் ஓங்கிய அளவுக்குத் தொழிலாளியின் குரல் இதில் கேட்கவில்லை. தரத்தை வகுப்பவரே பரீட்சையிலும் சம்பந்தப்பட்டால்? சாரதா பிரசாத் குழு 2016-ல் தந்த அறிக்கை இந்தச் சுயநல முரண்பாட்டைக் கடுமையாகவே சாடிற்று. 2018-ல் அறிவிக்கப்பட்டு 2020-ல் செயல்படத் தொடங்கிய புதிய தேசியக் கவுன்சில், பழைய கவுன்சிலின் பொறுப்புகளையும் ஏற்றது. சான்று வழங்குவோரையும் மதிப்பிடுவோரையும் அது தனித்தனியே அங்கீகரிக்கிறது. ஆனாலும் இரண்டையும் ஒருவரே செய்ய விதியில் இடமுண்டு. ஓட்டை முழுதும் அடைபடவில்லை.

பள்ளியை விட்டுப் பட்டறையிலேயே தொழில் கற்றவர்களுக்கு இன்று இரண்டு வழி உண்டு. 'முன்கற்றலை அங்கீகரித்தல்' என்ற ஏற்பாட்டில், தெரிந்த வேலையைச் செய்து காட்டிச் சான்று பெறலாம். அனுபவத்துக்கான தகுதி இருந்தால், அகில இந்தியத் தொழில் தேர்வைத் தனித்தேர்வராக எழுதவும் அனுமதி உண்டு. இரண்டும் ஒன்றல்ல. ரயில்வே டெக்னீஷியன் மூன்றாம் நிலை வேலைக்குக் கேட்கப்படுவது பத்தாம் வகுப்புடன் ஐ.டி.ஐ. அல்லது சட்டப்படியான பழகுநர் பயிற்சி. பணம் கட்டி எந்தப் பயிற்சியில் சேர்ந்தாலும், முடிவில் கிடைக்கும் காகிதத்தில் யாருடைய முத்திரை இருக்கும் என்பதைச் சேரும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.